சென்னைக் காற்றில் விண்கலத்துக்குப் பெயின்ட்: எதை, எப்போது, எங்கே வைத்து அடிப்பது?

பெரம்பூர்_பால்கனி:

வணக்கம் நண்பர்களே. ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் எக்ஸ்-விங் விண்கலத்தின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட்டை (ஜப்பானின் பண்டாய் கம்பெனி தயாரிப்பு) மாட்டி முடித்துவிட்டேன். பசையே தேவைப்படவில்லை, எல்லாப் பாகமும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் அலமாரியில் வைத்துப் பார்த்தால் பிளாஸ்டிக்காகத்தான் தெரிகிறது. படத்தில் பார்த்த அந்தப் பழைய, அடிபட்ட கலம் இதில் இல்லை. அதனால் பெயின்ட் அடித்தே தீருவது என்று முடிவு.

நிலவரம் இது: மூன்றாம் மாடி ஃபிளாட், இரண்டு பெட்ரூம், ஒரு பால்கனி. வீட்டில் கைக்குழந்தை. சின்ன ஏர்பிரஷும் (காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் பேனா மாதிரிக் கருவி) அதற்குக் காற்று தரும், டேங்க் வைத்த கம்ப்ரஸரும் வாங்கலாம் என்று பணம் எடுத்து வைத்திருக்கிறேன். வெளிநாட்டு வீடியோக்களில் வேகமாக ஆவியாகும் கரைப்பான் கலந்த லாக்கர் பெயின்ட்தான் சிறந்தது என்கிறார்கள், அடுத்த வீடியோவில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்தான் என்கிறார்கள். இப்போது புரட்டாசி. இன்னும் கொஞ்ச நாளில் மழை பிடித்துக்கொள்ளும். நம்ம ஊர்க் காற்றுக்கு எது ஒத்துவரும், எந்த நேரத்தில் அடிக்க வேண்டும் என்று இங்கேயே இருந்து செய்பவர்கள் சொன்னால் நல்லது.

இன்னொன்று. மாமியார் வீட்டுக் கொலுவில் கீழே பார்க் வைக்கும் இடத்தில் இந்த வருடம் விண்வெளி என்று பேச்சு. அங்கே வைக்க ஆசை.

உப்புத்தாள்_600:

வாழ்த்துகள் தம்பி. முதலில் கலத்தைக் கழற்றுங்கள். மாட்டிய நிலையில் அடித்தால் மூலைகளில் பெயின்ட் ஏறாது, இறக்கையை விரிக்கும்போது உரசிப் பெயர்ந்துவிடும். மூக்கு, உடல், நான்கு இறக்கைகள், நான்கு இன்ஜின்கள், காக்பிட் என்று தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது இறுக்கமாக இருக்கும் குச்சிகளின் நுனியை நிப்பரால் (சின்ன வெட்டுக் குறடு) சாய்வாகக் கொஞ்சம் வெட்டிவிட்டால் அடுத்த முறை மாட்டவும் கழற்றவும் சுலபம். பெயின்ட் ஏறினால் பாகம் தடித்துவிடும், இறுக்கம் கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம் ஸ்ப்ரூவிலிருந்து, அதாவது பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து, வெட்டிய இடங்களை ஒருமுறை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெட்டிய இடத்தில் வெளிறிய புள்ளி இருக்கும். பெயின்ட் அடிக்காதவர்களுக்கு அந்த வெளுப்பு தொல்லை, நமக்கு அது பொருட்டில்லை. நமக்குத் தொல்லை மேடு. விரல் நகத்தை மெதுவாக ஓட்டினால் நகம் தட்டும். தட்டினால், பெயின்டுக்கு முன் அடிக்கும் ப்ரைமருக்குப் பிறகு அது இன்னும் பளிச்சென்று தெரியும். தண்ணீரில் நனைக்கும் உப்புத்தாளில் 400ஆம் எண், பிறகு 600, பிறகு 800 என்று போனால் போதும். ப்ரைமர் பிடிக்கக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும், அதற்கு மேல் மழமழப்பாக்கத் தேவையில்லை. ஈரமாகத் தேயுங்கள், தூள் பறக்காது, வீட்டில் குழந்தை இருப்பதால் இது முக்கியம். பேனல் கோடுகளின் மேல், அதாவது தகடுகள் சேரும் இடமாகப் பதித்திருக்கும் பள்ளக் கோடுகளின் மேல், தேய்க்காதீர்கள். அந்தக் கோடுகள் மெல்லியவை, ஒருமுறை மறைந்தால் திரும்பக் கீறுவது பெரிய வேலை.

கடைசியாகப் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் ப்ரைமர் பிடிக்காது.

மாட்டினால்_போதும்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். பெயின்ட் அவசியமே இல்லை.

பண்டாயின் கன்டம் ரோபோ கிட்டுகள் 1980ல் வந்தபோது ஒரே நிறத்தில் வார்த்த பாகங்கள், பசை போட்டு ஒட்ட வேண்டும், பெயின்ட் அடித்தால்தான் பொம்மைக்கே உருவம் வரும். 1990ல் எச்ஜி (ஹை கிரேடு) வரிசை தொடங்கியபோது ஒரே ஸ்ப்ரூவில் பல நிறம் வார்த்துக் கொடுத்தார்கள். இன்றைக்கு 2010க்குப் பிறகு வந்த ஆர்ஜி (ரியல் கிரேடு) கிட்டைப் பிரித்துப் பாருங்கள். 1/144 அளவில், முதல் கன்டம் என்றால் பன்னிரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்குள், உள்ளே எலும்புக்கூடு தனி, மேலே தகடு தனி, வெள்ளையிலேயே இரண்டு சாயல். அத்தனை பொறியியலும் எதற்கு? வாங்குபவர் வீட்டில் பெயின்ட் அறை இருக்காது என்பதற்காகத்தான். பெரம்பூர் ஃபிளாட்டுக்காகவே செய்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பேனல் கோடுகளில் சாம்பல் மார்க்கர் ஓட்டுங்கள், டெக்கால் (அச்சிட்ட மெல்லிய சின்னங்கள்) ஒட்டுங்கள், மேலே மினுமினுப்பை அடக்கும் மேட் கோட் ஒன்று அடியுங்கள். பிளாஸ்டிக்கின் மினுமினுப்புதான் கண்ணைக் கெடுக்கிறது. அது போனால் பாதி வேலை முடிந்தது. கைக்குழந்தை உள்ள வீட்டில் தின்னர் பாட்டிலே வேண்டாம் என்பது என் கட்சி.

கடற்காற்று:

மேட் கோட் பற்றிப் பேச்சு வந்ததால் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் சென்னையில் அதிகம் கெடுவது அதுதான். கடைசிக் கோட்டில் முழு மாடலும் வெள்ளை பூத்துப்போன படங்களை ஒவ்வொரு கார்த்திகையிலும் இங்கே பார்க்கிறோம்.

காரணம் எளிது. லாக்கரில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பிலிருந்து சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். பரப்பு குளிர்ந்து பனிநிலைக்கு, அதாவது காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே போனால், காற்றில் இருக்கும் ஈரம் அந்த ஈரப் பெயின்டின் மேலேயே நீராகப் படியும். அது உள்ளே சிக்கிக் காயும்போது பால் மாதிரி வெளுப்பு.

இப்போது எண்களுக்கு வாருங்கள். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் பனிநிலை 18 டிகிரி சொச்சம். பரப்பு ஏறக்குறைய 12 டிகிரி குளிர்ந்தால்தான் நீர் படியும், அது நடக்காது. அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 85 என்றால் பனிநிலை 27 டிகிரி. மூன்று டிகிரி குளிர்ந்தாலே போதும். ஒரு கனமான கோட் அடித்தால் அது தாராளமாக நடக்கும். அதனால்தான் ஸ்ப்ரே கேனைத் தூக்கும் முன்னால் ஈரப்பத மீட்டரைப் பார்க்கச் சொல்கிறேன். மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஏர்பிரஷுக்கு முன்னால் வாங்க வேண்டிய கருவி அது.

நேரம் எது என்று கேட்டீர்கள். சித்திரையிலிருந்து ஆவணி வரை விடியற்காலையில் ஈரம் தூக்கலாக இருக்கும். வெயில் ஏற ஏற மேற்கிலிருந்து நிலக்காற்று வீசி ஈரம் இறங்கிக்கொண்டே வரும். மதியம் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் மறுபடி ஏறிவிடும். ஆகவே காலை பத்து, பத்தரைக்குத் தொடங்கி, கடற்காற்று வரும் வரை உள்ள இடைவெளிதான் நமக்கு. திருவான்மியூர், பெசன்ட் நகர்க்காரர்களுக்குக் கடற்காற்று முன்னதாகவே வந்துவிடும். பெரம்பூரில் கொஞ்சம் தாமதமாக வரும், அது உங்களுக்குச் சாதகம். புரட்டாசியில் மாலை இடிமழை வரும், ஆனால் முற்பகல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் நாள் முழுக்கக் காற்று கடலிலிருந்துதான். அப்போது இந்த இடைவெளியே கிடையாது. ஸ்ப்ரே வேலையை இப்போதே முடியுங்கள். டெக்கால், கறை, துரு எல்லாம் மழையில் உட்கார்ந்து செய்யலாம்.

மேட் கோட் வெளுத்துவிட்டால் பதற வேண்டாம். லாக்கர் என்றால் காய்ந்த நாளில் ரிடார்டர் (காய்வதை மெதுவாக்கும் திரவம்) கலந்த தின்னரை, லெவலிங் தின்னர் என்று விற்கிறார்களே அதை, மெல்லிய புகையாக ஒருமுறை ஓட்டினால் மேல் தோல் இளகி ஈரம் வெளியேறும். பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொரு இடம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. கம்ப்ரஸர் காற்றை அழுத்தும்போது அந்த ஈரமும் உள்ளே சேர்ந்து நீராகும். குழாயில் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் கட்டாயம் வேண்டும், டேங்கின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். மாசி மாதத்தில் வடிவதற்கும் ஐப்பசியில் வடிவதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

மயிலை_தூரிகை:

கடற்காற்று சார் சொன்னது முழுக்கச் சரி. குழந்தை விஷயத்தை மட்டும் நான் பேசுகிறேன், ஏனென்றால் நானும் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்பவள்.

தம்பி, உங்கள் வீட்டுக்கு லாக்கர் வேண்டாம். துணி மாஸ்க்கோ N95ஓ பெயின்ட் துளியைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். அதை நீங்கள் போட்டுக்கொள்ளலாம், குழந்தைக்குப் போட முடியுமா? அடித்து முடித்த பிறகும் பாகங்கள் மணிக்கணக்கில் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். பால்கனிக் கதவு எத்தனை முறை திறந்து மூடும் என்று யோசித்துப் பாருங்கள்.

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எடுத்துக்கொள்ளுங்கள், வல்லேஹோ கம்பெனி பெயின்ட் மாதிரி. அதிலும் அடிக்கும்போது துளியை மூச்சில் இழுக்கக் கூடாது, மாஸ்க் உண்டு. ஆனால் வீடு முழுக்கத் தின்னர் வாடை இருக்காது. இதில் வேறு ஒரு தொல்லை இருக்கிறது: நம்ம வெயிலில் ஏர்பிரஷ் ஊசியின் நுனியிலேயே காய்ந்துபோய்ப் பிசிறு அடிக்கும். அதற்கு ரிடார்டர் சில சொட்டு, அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ, பக்கத்தில் ஈரமான பஞ்சுக் குச்சி. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நுனியைத் துடைத்துக்கொண்டே அடித்தால் பழகிவிடும். மழைநாளில் காய நேரமாகும், அவ்வளவுதான்.

பால்கனிக்கு ஒரு அட்டைப்பெட்டி, பின்னால் ஆறு அங்குல கிச்சன் எக்ஸாஸ்ட் ஃபேன், அதிலிருந்து வெளியே ஒரு மடிப்புக் குழாய். அதுவே ஸ்ப்ரே பூத். ஃபேனுக்கு முன்னால் ஏசி ஃபில்டர் பஞ்சு ஒரு அடுக்கு வைத்தால் கீழ்வீட்டுத் துணியில் சாம்பல் நிறம் விழாது. அக்கம்பக்கத்து உறவும் முக்கியம்.

சிவப்புக் கோடுகளையும் இன்ஜின் உள்பக்கத்தையும் தூரிகையாலேயே செய்யுங்கள். ஒரே அடியில் மூட நினைக்காமல், நீர்த்த பெயின்டை மூன்று நான்கு மெல்லிய அடுக்காக வைத்தால் தூரிகைத் தடம் தெரியாது. எக்ஸ்-விங்கின் கோடுகள் தேய்ந்து, ஓரம் பெயர்ந்து இருக்க வேண்டியவை. அந்த வேலைக்குத் தூரிகைதான் மேல்.

மாட்டினால்_போதும் அவர்களுக்கு: கன்டத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். அது தொழிற்சாலையிலிருந்து வந்த இயந்திரம், சுத்தமாக நின்றாலும் அழகு. எக்ஸ்-விங் அப்படி இல்லை. அதன் அழகே அழுக்கில் இருக்கிறது.

பெரம்பூர்_பால்கனி:

அக்கா, மிக்க நன்றி. லாக்கர் இல்லை என்று முடிவாகிவிட்டது, வீட்டம்மாவுக்கும் நிம்மதி. கோடுகளைத் தேய்ந்த மாதிரி செய்வது எப்படி என்று யாராவது சொல்ல முடியுமா? அழுக்கு என்றால் எங்கே, எவ்வளவு?

காசிமேடு_துரு:

இது என் ஏரியா.

முதலில் உப்பு முறை. சிவப்புக் கோடு வர வேண்டிய இடத்தில் அடி நிறத்தை அடித்து, நன்றாகக் காயவிட்டு, மேலே நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று. பிறகு தூரிகையால் தண்ணீர் தடவி, சமையலறைக் கல் உப்பை உடைத்துத் தூவுங்கள். பொடியும் சின்னக் கட்டியும் கலந்திருக்க வேண்டும், ஒரே அளவாக இருந்தால் அம்மைத் தழும்பு போட்ட மாதிரி ஆகிவிடும். ஓரங்களிலும் இறக்கையின் முன்விளிம்பிலும் அதிகம், நடுவில் குறைவு. தண்ணீர் உலர்ந்ததும் உப்பு ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் சிவப்பை அடித்து, காய்ந்ததும் கடினமான பிரஷ்ஷால் தட்டிவிட்டால் உப்பு இருந்த இடமெல்லாம் பெயர்ந்த பெயின்ட். ஒழுங்கில்லாத, கையால் வரையவே முடியாத ஓரம் வரும். ஆனால் காற்றில் ஈரம் இருக்கும் நாளில் உப்பு கசிந்து வழிந்துவிடும். கடற்காற்று அண்ணன் சொன்ன அதே முற்பகல் இடைவெளிதான் இதற்கும்.

இரண்டாவது, எங்கே அழுக்கு. வீடியோ பார்க்காதீர்கள், வெளியே போய்ப் பாருங்கள். காசிமேட்டில் கரையேற்றி வைத்திருக்கும் விசைப்படகின் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஆணி அடித்த இடத்திலிருந்து துரு கீழே ஒழுகியிருக்கும். தொடங்கும் இடத்தில் அடர் பழுப்பு, கீழே போகப் போக ஆரஞ்சு, பிறகு ஒரு மஞ்சள் கறை. ஒரே நிறம் எங்கேயும் இல்லை. கயிறு உரசும் இடத்தில் பெயின்ட் இல்லவே இல்லை, மரம் பளபளவென்று இருக்கும். பக்கத்து அடி மாதிரியே இன்னொரு அடி இருக்காது. எண்ணூர் சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். பெட்டியின் மூலையில், கிரேன் கொக்கி மாட்டும் இடத்தில்தான் அடி எல்லாம். நடுப்பக்கம் வெளுத்திருக்கும், அடிபட்டிருக்காது. யார் தொடுகிறார்கள், எது உரசுகிறது, எது ஒழுகுகிறது என்ற மூன்று கேள்வியைக் கேட்டால் அழுக்கு எங்கே என்று தானாகத் தெரியும். எக்ஸ்-விங்கில் விமானி ஏறும் பக்கம், எரிபொருள் ஊற்றும் மூடி, பீரங்கி நுனி, இன்ஜின் வாய். அவ்வளவுதான்.

கரிக்குச் சாதாரண பாஸ்டல் சாக்கைப் பொடியாக்கி, மெத்தென்ற பிரஷ்ஷால் பின்னோக்கித் தடவுங்கள். உலோகம் தெரியும் விளிம்புக்கு 4B பென்சில்.

வெற்றிடம்:

நண்பர் சொல்லும் முறை அருமை. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. விண்கலத்தில் துரு ஒழுகலா? வெற்றிடத்தில் ஆக்சிஜன் இல்லை, நீர் இல்லை, மேல் கீழ் இல்லை. கீழ்நோக்கி ஒழுகிய துருக்கோடு போட்ட விண்கலத்தைப் பார்த்தாலே அது படகு என்று தெரிந்துவிடுகிறது.

உண்மையான விண்கலங்களையும் ராக்கெட்டுகளையும் பாருங்கள். 1983 ஜூனில் சேலஞ்சர் விண்ணோடத்தின் முன் கண்ணாடியில் ஒரு துளிப் பெயின்ட் துணுக்கு மோதிச் சின்னக் குழி விழுந்தது. திரும்பி வந்ததும் அந்தக் கண்ணாடியையே மாற்றினார்கள். ஹபிள் தொலைநோக்கியிலிருந்து 2009ல் பூமிக்குக் கொண்டுவந்த கேமராவின் வெப்பத் தகட்டில் குழி குழியாக இருந்தது. விண்ணில் நடக்கும் தேய்மானம் இதுதான்: ஊசி முனை அளவு குழிகள், சூரியனின் புற ஊதாக் கதிரில் நிறம் மாறிய பூச்சு.

தரையிறங்கித் திரும்பப் பறக்கும் கலத்துக்கு ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் அடுக்கைப் பாருங்கள். வெள்ளை உருளை கீழே கரியாக இருக்கும், மேலே ஒரு கோட்டுக்கு அப்பால் திடீரென்று வெளுப்பாகத் தெரியும். அந்த மேல்பகுதி திரவ ஆக்சிஜன் தொட்டி. குளிரில் உறைபனி படிந்திருப்பதால் அங்கே கரி ஒட்டுவது குறைவு. உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியே இருக்கும் கரி சொல்கிறது! அறிவியல் புனைவு மாடல் செய்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. உங்கள் கலத்துக்குள் என்ன குழாய் ஓடுகிறது, எது சூடு, எது குளிர் என்று யோசித்துக் கறை போடுங்கள்.

காசிமேடு_துரு:

ஏற்றுக்கொள்கிறேன், முழுக்க இல்லை. விண்வெளியிலேயே கட்டி, அங்கேயே ஓடும் கலம் என்றால் நீங்கள் சொல்வது சரி. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்து டிஸ்கவரி கலத்துக்கு யாரும் துரு போடக் கூடாது, மோபியஸ் கம்பெனியின் 1/144 கிட் கட்டுபவர்கள் இதைக் கவனிக்கவும். எக்ஸ்-விங் காட்டிலும் சதுப்பிலும் இறங்குகிற வண்டி. நாள் கணக்கில் கால் ஊன்றி மழையில் நிற்கும். நின்ற நிலையில் மேல் கீழ் உண்டு, மழை உண்டு, ஒழுகலும் உண்டு. பறக்கும்போது கரி பின்னோக்கி. இரண்டும் ஒரே கலத்தில் இருந்தால்தான் அது இரண்டு வாழ்க்கை வாழ்ந்த வண்டி என்று நம்ப முடியும். ஒழுகலை ஆரஞ்சாகப் போடாமல் எண்ணெய்ப் பழுப்பாகப் போடலாம் என்பதை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

வெற்றிடம்:

அந்த விளக்கம் எனக்குப் போதும். எண்ணெய்ப் பழுப்பு சரி.

உப்புத்தாள்_600:

இந்த விவாதத்துக்கு ஒரு பழைய கணக்கு சேர்க்கிறேன். 1977ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்குக் கலங்களைச் செய்தவர்கள் கடையில் விற்ற டாங்கி, போர்க்கப்பல், விமான கிட்டுகளை வாங்கிக் குவித்து, அதன் பாகங்களை உடைத்து உடைத்து ஒட்டித்தான் அந்தப் பரப்பை உண்டாக்கினார்கள். மில்லேனியம் ஃபால்கன் கலத்தின் மேல் தெரியும் குழாய்களும் பெட்டிகளும் அப்படி வந்தவை. இன்றைக்குப் பண்டாய் அந்தப் படப்பிடிப்பு மாடலைப் பார்த்து அச்சு வெட்டுகிறது. அதாவது டாங்கிச் சக்கரம் விண்கலமாகி, அந்த விண்கலம் மறுபடி கிட்டாகி உங்கள் கைக்கு வந்திருக்கிறது. உடைந்த கிட், மிஞ்சிய பாகம், ஸ்ப்ரூ எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த கலத்தை நீங்களே வடிவமைக்கும் நாளில் அதுதான் உங்கள் கிடங்கு.

ஸ்ப்ரூவுக்கு உடனடி வேலையும் உண்டு. எந்தப் பெயின்டையும் தின்னரையும் முதலில் அதே கிட்டின் ஸ்ப்ரூவில் தடவிப் பாருங்கள். புதுப்பேட்டைப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் வண்டிப் பெயின்டின் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் கிட்டின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். எனாமல் தின்னர் கலந்த பேனல் கோட்டு மையும் கவனம். ஏபிஎஸ் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் பாகத்திலும், இறுக்கி மாட்டிய பாகத்திலும் அது விரிசலுக்குள் இறங்கினால் பாகம் சத்தமில்லாமல் உடைந்து கையில் வரும். கிளியர் கோட்டுக்கு மேல் மட்டும், கொஞ்சமாக, மிஞ்சியதை உடனே துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கிண்டி_ஸ்ப்ரூ:

இழை திசை மாறினால் மன்னிக்கவும். இப்போது கிட் எல்லாம் எங்கே வாங்குகிறீர்கள்? விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஜப்பான் விலையை மாற்றிப் போட்டால் இரண்டு மடங்கு வருகிறது.

உப்புத்தாள்_600:

காரணம் தெரிந்ததுதான். சுங்கத்தில் பிளாஸ்டிக் மாடல் கிட் விளையாட்டுப் பொருள் வகையில் வருகிறது. அதன் அடிப்படை வரி 2020ல் 20லிருந்து 60 சதவீதமானது, 2023ல் 70 ஆனது. அதற்கு மேல் மற்ற வரிகள். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்குத் தர முத்திரைக் கட்டாயமும் சேர்ந்தது. பெரியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்யும் ஒரு கைவினையைக் கிலுகிலுப்பையோடு ஒரே தட்டில் வைத்திருப்பது எனக்கு வருத்தம்தான்.

வழி என்னவென்றால், குறைவாக வாங்கி முழுதாகச் செய்வது. பிரிக்காத பத்துப் பெட்டியைவிட ஒழுங்காக முடித்த ஒரு கலம் மேல். பெயின்டை இங்கேயே வாங்குங்கள், ஸ்ப்ரே கேன் விமான அஞ்சலில் வராது.

மின்மினி_330:

கொலுவில் வைக்கப் போகிறீர்கள் என்று படித்தேன். இன்ஜினில் வெளிச்சம் வைத்தால் பிள்ளைகள் நகர மாட்டார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 3 மில்லிமீட்டர் எல்இடி, மெல்லிய எனாமல் ஒயர், 330 ஓம் ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ளுங்கள். 9 வோல்ட் பேட்டரி, வெள்ளை எல்இடிக்கு 3.2 வோல்ட் போக மீதி 5.8. இருபது மில்லிஆம்பியருக்கு 290 ஓம் வரும், கிடைப்பதில் அடுத்தது 330. எல்இடிக்கு ஒரு ரெசிஸ்டர் தனித்தனியாக. சிவப்பு எல்இடி என்றால் 2 வோல்ட்தான் எடுக்கும், 390 போடுங்கள்.

முக்கியமானது ஒளிக்கசிவு. பிளாஸ்டிக் மெல்லியது, உள்ளே விளக்கு எரிந்தால் இன்ஜின் முழுக்க ஒளிரும், காகித விளக்கு மாதிரி ஆகிவிடும். வெளியே பெயின்ட் அடிக்கும் முன் உள்பக்கத்தைக் கறுப்பு அடித்து, அதன் மேல் வெள்ளி அடியுங்கள். கறுப்பு தடுக்கும், வெள்ளி ஒளியை வாய்ப்பக்கம் திருப்பும். இருட்டறையில் எரியவிட்டுப் பார்த்த பிறகே மூடுங்கள்.

பெரம்பூர்_பால்கனி:

நேற்று முற்பகல் ப்ரைமரும் அடி நிறமும் முடிந்தது. மீட்டர் 58 காட்டியது. அடி நிறம் வெறும் வெள்ளை இல்லாமல், கொஞ்சம் பழுப்பும் சாம்பலும் கலந்து அடித்தேன், சில தகடுகளை மட்டும் ஒரு சாயல் மாற்றி. உப்பு வேலையும் நன்றாக வந்திருக்கிறது, இறக்கை ஓரத்தில் சிவப்பு பெயர்ந்து கீழே சாம்பல் தெரிகிறது. அடுத்து டெக்கால். கிட்டில் ஸ்டிக்கரும் இருக்கிறது, தண்ணீர் டெக்காலும் இருக்கிறது. எது?

மயிலை_தூரிகை:

தண்ணீர் டெக்கால்தான், சந்தேகமே வேண்டாம். ஸ்டிக்கரின் தடிமன் ஓரத்தில் தெரியும்.

மேட் பரப்பில் நேரடியாக ஒட்டாதீர்கள். சொரசொரப்பில் காற்று சிக்கி, டெக்கால் படலம் வெள்ளி மாதிரி மின்னும். முதலில் பளபளப்பான கிளாஸ் கோட், அதன் மேல் டெக்கால், கடைசியில் மேட். போர்வெல் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்புத்தடம் விடும். கேன் தண்ணீர் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். டெக்காலைத் தண்ணீரிலேயே மிதக்கவிடாமல், நனைத்து எடுத்துத் தாளின் மேல் அரை நிமிடம் வைத்தால் பசை கரைந்து போகாது. இடம் பார்த்து நகர்த்தி, ஈரப் பஞ்சுக் குச்சியை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள். பிறகு மென்மையாக்கும் திரவம் ஒரு தொடல். படலம் சுருங்கும், பயந்து தொட்டுவிடாதீர்கள், அதுவாகவே பேனல் கோட்டுக்குள் இறங்கிப் படியும்.

கொலுவில் வைத்ததும் படம் போடுங்கள் தம்பி. எங்கள் வீட்டிலும் பார்க்கில் சந்திரயான் வைக்கிறார்கள்.

கிண்டி_ஸ்ப்ரூ:

என்னிடம் ஒரு பழைய கிட் இருக்கிறது, டெக்கால் தாள் மஞ்சளாகிவிட்டது. அதைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

கடற்காற்று:

வேண்டாம். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் காற்றில்லாமல் மூடி, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக டேப் போட்டு ஒட்டுங்கள். நம்ம ஊர் வெயிலில் மஞ்சள் படிப்படியாக வெளுக்கும், தினமும் பாருங்கள். போதும் என்று தோன்றியதும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அச்சிட்ட நிறமும் மங்கும். ஒட்டும் முன் ஓரத்தில் இருக்கும் தேவையில்லாத ஒரு டெக்காலைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்தால் முழுத் தாளுக்கும் மெல்லிய கிளாஸ் கோட் ஒன்று அடித்துக் காயவைத்த பிறகு, ஒவ்வொன்றையும் ஓரம் ஒட்டி வெட்டிப் பயன்படுத்தலாம்.

வெயில் டெக்காலுக்கு மருந்து, முடித்த மாடலுக்கு ஆகாது. வெள்ளைப் பிளாஸ்டிக் அதே வெயிலில்தான் பழுக்கிறது. கட்டி முடித்ததை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் வையுங்கள். கதவு இல்லையென்றால் தூசியோடு கடல் உப்பும் படியும், மேட் பரப்பிலிருந்து அதைத் துடைத்து எடுப்பது கஷ்டம். மெத்தென்ற மேக்கப் பிரஷ்ஷால் மட்டும் தட்டுங்கள், துணி வேண்டாம்.